வீடு வீடாகப் போகும் வேலைக்குப் பரீட்சை வந்த கதை



போன ஆடி மாதம் கூட்டமைப்பின் செயற்குழு முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். நம்ம குழு அக்கா ஒருத்தர் செல்போனை நீட்டி மகள் போட்டோவைக் காட்டினார். அந்தப் பிள்ளை இங்கே எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள். படிக்கும்போது நம் குழுக்களுக்கே களப்பணிக்கு வந்து, தீர்மான நோட்டு எழுதுவது முதல் கடன் பட்டியல் சரிபார்ப்பது வரை கூட இருந்து பார்த்தவள். பழைய உறுப்பினர்களுக்கு ஞாபகம் இருக்கும். கல்யாணமாகி இப்போது அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறாள். போட்டோவில் மேசை நிறையப் புத்தகம், சுவரெல்லாம் மஞ்சள் துண்டுச் சீட்டு.

"அங்கயும் இதே வேலைக்குத்தான் போவேன்னு நிக்கிறா. அதுக்கு லைசென்ஸ் வேணுமாம். லைசென்ஸுக்குப் பரீட்சையாம். வண்டி ஓட்டுறதுக்கு லைசென்ஸ் கேட்டா நியாயம். வீடு வீடாப் போயி நாலு வார்த்தை விசாரிக்கிறதுக்கு எதுக்குக்கா பரீட்சை?" என்றார் அந்த அக்கா.

கேலியாகச் சொன்னதுதான். ஆனால் அந்த இடத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் வீடு வீடாகப் போகிறவர்கள். பிரதிநிதி, ஊக்குநர், கணக்காளர் என்று பெயர் எதுவானாலும், தவணை கட்டாத வீட்டுக்கும் புருஷன் அடித்த வீட்டுக்கும் முதலில் போய் நிற்பது நாம்தான். அதனால் அந்தக் கேள்வி எனக்கு உள்ளே தங்கிவிட்டது. மலருக்குக் கட்டுரை கேட்டபோது இதையே எழுதுவோம் என்று தேடிப் படித்தேன். மற்றதை அந்தப் பிள்ளையிடமே வாட்ஸ்அப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கதை ஏறக்குறைய நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் தொடங்குகிறது. 1873-இல் அமெரிக்காவில் பெரிய பொருளாதாரச் சரிவு. பேங்குகள் மூடின, ரயில் கம்பெனிகள் விழுந்தன, ஊர் ஊராக வேலையில்லாத கூட்டம். சர்ச்சுகளும் தர்ம சங்கங்களும் ஆளாளுக்கு ரொட்டி, கரி, காசு என்று கொடுத்தன. கொடுத்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரே ஆள் நாலு சங்கத்தில் வாங்குகிறானா? நமக்கு இந்தச் சந்தேகம் புதிதில்லை. ஒரே பெண் மூன்று குழுவில் பெயர் வைத்துக் கடன் எடுத்த பஞ்சாயத்து நம் ஊரிலும் நடந்ததுதானே!

1877-இல் பஃபலோ என்ற நகரத்தில் இந்தத் தர்மங்களை எல்லாம் ஒருங்கிணைக்க ஒரு சங்கம் வைத்தார்கள். உதவி கேட்கும் குடும்பங்களுக்கு ஒரே பதிவேடு, ஒவ்வொரு வீட்டையும் நேரில் போய் விசாரிப்பது என்று ஏற்பாடு. விரைவிலேயே மற்ற நகரங்களிலும் இதே மாதிரி சங்கங்கள் முளைத்தன. விசாரிக்கப் போனவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பெண்கள். சம்பளம் கிடையாது. காசு கொடுக்கக் கூடாது, தோழமையும் புத்திமதியும் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட விதி. 'தோழமையாக வந்து பார்ப்பவர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர்.

தோழமை என்று பெயர் வைத்தாலும், பட்டுக் கவுன் கட்டிய அம்மா வந்து அடுப்பங்கரையை எட்டிப் பார்த்து, 'இவள் உதவிக்குத் தகுதியானவள், அவள் தகுதியில்லாதவள்' என்று எழுதிக்கொண்டு போனால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? நல்ல மனசு மட்டும் இருந்தால் போதாது என்ற பேச்சு அங்கேதான் எழுந்தது.

அந்தப் பேச்சை அதிகம் பேசியவர் மேரி ரிச்மண்ட் என்ற பெண். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 1861-இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயை இழந்து, பால்டிமோர் நகரத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். பள்ளிப் படிப்போடு சரி, கல்லூரி வாசலை மிதித்ததில்லை. 1889-இல் பால்டிமோர் தர்ம சங்கத்தில் உதவிப் பொருளாளர் வேலை கிடைத்தது. நம்மில் பல பேர் போலவே கணக்கு நோட்டு வழியாகத்தான் இந்த வேலைக்குள் வந்தார். கணக்கோடு நிற்காமல் தானும் வீடுகளுக்குப் போனார், போனதை எழுதினார். 1897-இல் ஒரு பெரிய மாநாட்டில் எழுந்து, இந்த வேலைக்கு முறையாகச் சொல்லித்தர ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று பேசினார். மறு வருஷமே, 1898 கோடையில், நியூயார்க்கில் ஆறு வாரப் பயிற்சி தொடங்கியது. அந்த ஆறு வாரப் பயிற்சியிலிருந்து வளர்ந்ததுதான் இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கும் சமூகப் பணிக் கல்லூரி.

1917-இல் ரிச்மண்ட் ஒரு கனமான புத்தகம் எழுதினார். பெயர் 'சோஷியல் டயக்னோசிஸ்'. டாக்டர் நோயாளியைப் பரிசோதிப்பது போல ஒரு குடும்பத்தின் கஷ்டத்தை எப்படி விசாரித்து அறிவது என்பதுதான் புத்தகம் முழுக்க. கண்ணால் பார்த்தது வேறு, பக்கத்து வீட்டுக்காரி சொன்னது வேறு, நாமே ஊகித்துக்கொண்டது வேறு. மூன்றையும் கலக்காதே என்கிறார். தவணை தவறிய வீட்டைப் பற்றி நாம் கூட்டத்தில் பேசுவதை நினைத்துப் பாருங்கள். "அவ புதுசாக் கம்மல் வாங்கியிருக்காளாம்" என்பது இந்த மூன்றில் எதில் சேரும்?

அதே காலத்தில் சிகாகோவில் வேறு ஒரு வழி நடந்தது. ஜேன் ஆடம்ஸும் அவர் தோழி எல்லன் ஸ்டாரும் 1889-இல் ஏழைத் தொழிலாளர்கள் வாழும் பகுதியில் 'ஹல் ஹவுஸ்' என்ற பழைய வீட்டை எடுத்து, அங்கேயே குடியேறினார்கள். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதில்லை, அங்கேயே இருப்பது. ஒரு வேலைநிறுத்தத்தின்போது பெண் தொழிலாளிகள் பேசிக்கொண்டதாக ஆடம்ஸ் எழுதியிருக்கிறார். முதலில் பணிந்துபோவது யார் என்றால், வாடகை கொடுத்து விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள்தான். வாடகைக்குக் காசில்லாமல் போய்விடுமே என்ற பயம். நாமே சேர்ந்து ஒரு விடுதி நடத்தினால் என்ன என்று அவர்களே கேட்டார்கள். ஹல் ஹவுஸ் முதல் மாத வாடகையும் சாமான்களும் கொடுத்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண்களே வாரச் சந்தா போட்டு, அவர்களே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து நடத்தினார்கள். 'ஜேன் கிளப்' என்று அதற்குப் பெயர். படிக்கும்போது நம் குழு ஆரம்பித்த நாட்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. ஜேன் ஆடம்ஸுக்கு 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த பெண்ணின் பெயர் இந்த இரண்டு பேர் அளவுக்கு வெளியே தெரியாது. லூஜீனியா பர்ன்ஸ் ஹோப். கறுப்பினப் பெண். தெற்கே அட்லாண்டா நகரத்தில் கறுப்பர்கள் தனியாக ஒதுக்கப்பட்டிருந்த காலம். அவர்கள் தெருவுக்குக் குடிதண்ணீரும் சாக்கடையும் பள்ளிக்கூடமும் சரியாக வராது. அந்தப் பகுதியில் ஓர் இளம்பெண் நோய்வாய்ப்பட்டுக் கவனிப்பார் இல்லாமல் இறந்துபோனார். அக்கம்பக்கத்தில் யாருக்குமே தெரியவில்லை. அந்தச் சாவுதான் ஹோப்பையும் தெருப் பெண்களையும் உட்கார்ந்து பேச வைத்தது. 1908-இல் 'அக்கம்பக்க ஒன்றியம்' தொடங்கினார்கள். ஊரை மண்டலமாகவும் வட்டமாகவும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெண்களைப் பொறுப்பு வைத்து, வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன குறை என்று எழுதினார்கள். பள்ளிகளை ஆய்வு செய்து நகராட்சியிடம் கேள்வி கேட்டார்கள். 1920-இல் கறுப்பின மாணவர்களுக்காக அட்லாண்டாவில் சமூகப் பணிப் பள்ளி தொடங்கியதில் இந்தப் பெண்களின் உழைப்புக்கும் பங்கு உண்டு. கொஞ்ச நேரம் கழித்து இந்த ஊருக்குத் திரும்பி வருவோம். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1915-இல் ஒரு குண்டு விழுந்தது. மருத்துவக் கல்லூரிகளை ஆய்வு செய்து பெயர் வாங்கிய ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்பவரைச் சமூகப் பணியாளர்கள் தங்கள் மாநாட்டுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். உங்கள் வேலை ஒரு முழுமையான தொழில் ஆகாது என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். டாக்டரிடமும் வக்கீலிடமும் பள்ளிக்கூடத்திடமும் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள், உங்களுக்கே உரிய தனி வித்தை எது என்பது அவர் கேள்வி. பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை. ஓர் ஆண் மேடையேறி 'இது தொழில் இல்லை' என்றார். அந்த வார்த்தை அவர்களைப் பல வருஷம் விடவில்லை. பாடத்திட்டம், பட்டம், சங்கம், சட்டம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனதில் அந்தக் காயத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

சட்டம் முதலில் வந்தது போர்ட்டோ ரிக்கோ தீவில், 1934-இல். அது அமெரிக்க ஆளுகையில் இருக்கும் இடம். 1945-இல் கலிபோர்னியா மாநிலம் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்கள் மெதுவாகத்தான் வந்தன. தனித்தனியாக இருந்த சங்கங்கள் 1955-இல் சேர்ந்து தேசியச் சமூகப் பணியாளர் சங்கம் ஆயின. அந்தச் சங்கம் 1960-இல் நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. மொத்தம் ஒரே பக்கம்! இன்று அது ஒரு சின்னப் புத்தகம். மாநில உரிம வாரியங்கள் எல்லாம் 1979-இல் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, 1983-இல் பொதுவான தேர்வை நடத்தத் தொடங்கின.

அந்தத் தேர்வுதான் நம்ம அக்கா மகளின் மேசையில் இருப்பது. இளங்கலை முடித்தவருக்கு ஒன்று, முதுகலை முடித்தவருக்கு ஒன்று. இந்த இரண்டும் தொழிலுக்குள் நுழையும் நிலை. தனியாக மனநல சிகிச்சை செய்ய வேண்டுமானால் பல வருஷ அனுபவத்துக்குப் பிறகு இன்னொரு தேர்வு. வெளிநாட்டில் படித்தவர்கள் அதற்கு முன்னால் தங்கள் பட்டம் அங்கே செல்லும் என்று மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். அவள் படித்துவரும் அமைப்பில் தேர்வுக்கு 170 கேள்வி, நாலு மணி நேரம், கம்ப்யூட்டரில். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிஷம்கூட இல்லை. 170-இல் 20 கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. எதிர்காலத் தேர்வுக்காகச் சோதித்துப் பார்க்கும் கேள்விகள் அவை. ஆனால் எந்த 20 என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. கட்டணம் 230 டாலர். தோற்றால் மறுபடி எழுத 90 நாள் காத்திருக்க வேண்டும், மறுபடி கட்டணம்.

மனப்பாடக் கேள்விகளும் உண்டு. பெரும்பாலானவை வேறு மாதிரி. ஒரு சம்பவத்தைச் சொல்லி, 'பணியாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்' அல்லது 'அடுத்து என்ன செய்ய வேண்டும்' என்று கேட்பார்கள். கொடுக்கும் விடைகள் எல்லாமே செய்யத்தக்கவையாக இருக்கும். எது முதலில் என்பதில்தான் சிக்கல். அவள் சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுகளில் இருந்தது இந்த வரிசைதான். உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று முதலில் பார். பிறகு கேள், புரிந்துகொள். முடிவை அவர்களே எடுக்க விடு. சொன்ன ரகசியத்தை வெளியே சொல்லாதே.

ரகசியத்துக்கு ஒரு விலக்கு உண்டு. அது வந்த விதம் கொடுமையானது. 1969-இல் கலிபோர்னியாவில் தத்தியானா தாராசோஃப் என்ற கல்லூரி மாணவி கொல்லப்பட்டாள். கொன்றவன் அதற்கு முன்பே ஒரு மனநல ஆலோசகரிடம் அந்த எண்ணத்தைச் சொல்லியிருந்தான். ஆலோசகர் வளாகப் போலீசுக்குத் தகவல் கொடுத்தார். போலீஸ் அவனை விசாரித்து விட்டுவிட்டது. அந்தப் பெண்ணிடமோ அவள் வீட்டாரிடமோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்ற நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை ஆலோசகருக்கு உண்டு என்று 1976-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இன்று சமூகப் பணி படிப்பவர்கள் அந்தப் பெண்ணின் பெயரைப் படிக்காமல் தேர்வுக்குப் போவதில்லை. இதை எழுதும்போது, "யாருக்கிட்டயும் சொல்லிராதக்கா" என்று நம்மிடம் சொல்லப்பட்ட விஷயங்கள் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. சிலதைச் சொல்லாமல் இருந்தது சரி. ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் உறுத்துகிறது.

அவள் தயாரிக்கும் கேள்விகளைப் போல நானே ஒன்று எழுதிப் புரட்டாசிக் கூட்டத்தில் கேட்டேன். வயதான அம்மா ஒருத்தர் மகனோடு இருக்கிறார். வீட்டுக்குப் போகிறீர்கள். கையில் கன்றிப்போன காயம். கேட்டால் "விழுந்துட்டேன்" என்கிறார். மகன் பக்கத்திலேயே நிற்கிறான். முதலில் என்ன செய்வீர்கள்? போலீசுக்குச் சொல்வதா, மகனைக் கேட்பதா, ஆஸ்பத்திரிக்கு அழைப்பதா, அந்த அம்மாவிடம் தனியாகப் பேசுவதா?

பாதிப் பேர் மகனை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்றார்கள். நான் உட்பட. இரண்டு பேர் போலீஸ் என்றார்கள். பின்வரிசையில் இருந்த மூத்த உறுப்பினர் ஒருத்தர், "தம்பி, வெயில்ல வந்தேன், கடையில ஒரு சோடா வாங்கிட்டு வாப்பான்னு அவனை அனுப்பிட்டு அந்தம்மாகிட்ட கேப்பேன்" என்றார். அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். தனியாகப் பேசுவதுதான் விடை, ஆனால் சோடா புத்தகத்தில் இல்லை என்று சிரித்தாள். மகனைப் பிடித்திருந்தால் நாம் கிளம்பியதும் அந்த அம்மாவுக்கு இன்னொரு அடி விழுந்திருக்கும் என்றும் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படியானால் பரீட்சை நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அவள் ஒரு சங்கடத்தைச் சொன்னாள். பயிற்சித் தேர்வில் அவள் அதிகம் தவறுவது, அனுபவத்தை வைத்துப் பதில் சொல்லும் கேள்விகளில்தானாம். கேள்வியில் எழுதியிருப்பதை மட்டும் பார், உன் ஊரை அதில் சேர்க்காதே என்று பயிற்சிப் புத்தகம் சொல்கிறது. "எங்க ஊர்ல மாமியாரை விட்டுட்டு மருமக தனியா முடிவெடுக்க மாட்டா பெரியம்மா, இங்க தனியா எடுத்தாத்தான் மார்க்கு" என்றாள்.

இப்போது அட்லாண்டாவுக்குத் திரும்புவோம். 2022 ஆகஸ்டில் தேர்வு நடத்தும் அமைப்பே தேர்ச்சி விவரத்தை இன வாரியாக வெளியிட்டது. 2021-இல் மனநல சிகிச்சைக்கான உரிமத் தேர்வை முதல் முறை எழுதியவர்களில் வெள்ளையர் நூற்றுக்கு 84 பேர் தேறியிருந்தார்கள். கறுப்பினத்தவர் 45 பேர். நுழைவுநிலைத் தேர்வுகளிலும் இடைவெளி பெரிதுதான். வயது கூடியவர்களும், ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களும் பின்தங்கியிருந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி பட்டம் வாங்கியவர்கள்தான். தெருவில் இறங்கி வேலை செய்து இந்தத் தொழிலையே கட்டி எழுப்பியவர்களில் லூஜீனியா ஹோப் போன்ற பெண்களும் உண்டு. அவர்களின் பேத்திமார் வாசலில் நிற்கிறார்கள்.

சண்டை பெரிதானது. பரீட்சை இல்லாவிட்டால் அரைகுறை ஆட்கள் வந்து ஏழைகள் தலையில் கைவைப்பார்கள், டாக்டருக்கு ஒரு நியாயம் ஏழைக்கு ஒரு நியாயமா என்று ஒரு பக்கம் கேட்டது. நாலு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஆளின் தரத்தை அளக்க முடியாது, அளவுகோலே கோணல் என்றது மறுபக்கம். இல்லினாய் மாநிலம் 2022 தொடக்கத்திலிருந்து முதல்நிலை உரிமத்துக்குத் தேர்வு வேண்டாம் என்று எடுத்துவிட்டது. ஜேன் ஆடம்ஸின் சிகாகோ இருப்பது அந்த மாநிலத்தில்தான். தேசியச் சங்கமும் 2023-இல் இந்தத் தேர்வுகளுக்கு எதிராக அறிக்கை விட்டது. டெக்சாஸில் தேர்வு தேர்வுதான்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், இரண்டு பக்கமும் போய்ப் போய் வருகிறேன். சோடா வாங்கிவரச் சொன்ன அந்த அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்தத் தேர்வும் அவரைத் தேற்றாது. ஆனால் மகனைப் பிடிக்க வேண்டும் என்று சொன்ன எனக்கு முறையாக யாராவது முன்பே சொல்லித் தந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருபது வருஷமாக வீடு வீடாகப் போகிறேன்.

நம் நாட்டுக்கும் இந்தக் கதை அமெரிக்காவிலிருந்துதான் ஒரு கிளை விட்டது. பம்பாய் நாக்பாடாவில் தொழிலாளர் பகுதியில் அக்கம்பக்க இல்லம் நடத்திய கிளிஃபோர்ட் மேன்ஷார்ட் என்ற அமெரிக்கர், சிகாகோவில் படித்தவர். அவர் முயற்சியில் 1936-இல் டாட்டா அறக்கட்டளையின் உதவியோடு சமூகப் பணிக்கு இந்தியாவின் முதல் கல்லூரி வந்தது. சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் என்ற அம்மையார் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கைத் தொடங்கினார். நம்மிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் பலர் இப்படிப்பட்ட கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள்தான். இங்கே சமூகப் பணியாளர் எல்லாருக்கும் பொதுவான உரிமத் தேர்வு என்று எதுவும் இல்லை. ஆனால் 2021-இல் வந்த சுகாதாரத் துணைத் தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டத்தின் பட்டியலில் மருத்துவச் சமூகப் பணியாளர், மனநலச் சமூகப் பணியாளர் பெயர்களும் இருக்கின்றன. பெயர் பட்டியலுக்குள் வந்துவிட்டால் பதிவு, தகுதி என்ற பேச்சு பின்னாலேயே வரும். நம் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இந்தப் படிப்புப் படித்தால் காதில் போட்டு வையுங்கள்.

அக்கா மகளுக்குத் தேர்வு தை மாதம். அங்கே அவள் காலையில் எழுதப் போகும்போது நமக்கு ராத்திரி. அன்றைக்கு விடிய விடிய முழித்திருக்கப் போவதாக அக்கா சொல்லியிருக்கிறார். மறுநாள் நடக்கும் கூட்டத்துக்கு வர முடியாது, அபராதம் போட்டாலும் பரவாயில்லை என்று இப்போதே சொல்லிவிட்டார்.